டைப் 1 சர்க்கரை உள்ளவர்களில் யாருக்குக் கண்ணும் கிட்னியும் கெடும்? என் பையனுக்கும் வருமா?

கேட்டிருப்பது ஒரு அம்மா என்றே வைத்துக்கொள்கிறேன். பையன் இன்சுலின் ஊசி போட ஆரம்பித்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். சொந்தக்காரர் யாரோ வந்து, காபியும் குடித்துவிட்டு, "கிட்னி போயிடுமாமே" என்று கொளுத்திப் போட்டுவிட்டுப் போயிருப்பார்.

நான் டாக்டர் இல்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் 11 வயதிலிருந்து 25 வருடமாக ஊசி போட்டுக்கொண்டிருப்பவன், அவ்வளவுதான். 'டாக்டரைப் பார்க்கச் சொல்லாமல் கதை அளக்கிறான்' என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: டாக்டரைப் பாருங்கள். போதுமா?

பத்தாவது படிக்கும்போது அப்பா தினமும் என் சர்க்கரை நோட்டைப் பார்ப்பார். அந்த வயதில் உடம்பு வளர்கிற வேகத்தில் சர்க்கரை தானாகவே ஏறும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. 300 என்று எழுதினால் வீடே சாவு வீடு மாதிரி ஆகிவிடும். அதனால் 110, 126, 98 என்று நானே எழுத ஆரம்பித்தேன். நீலம், கறுப்பு என்று பேனாவை மாற்றி மாற்றி எழுதுவேன். ஒரு பக்கத்தில் சாம்பார்க் கறைகூட வைத்தேன். மூன்று மாதச் சராசரி பார்க்கும் எச்.பி.ஏ1சி டெஸ்ட் வந்தது: 11.2, ரொம்ப அதிகம். டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் மூடி என் கையிலேயே கொடுத்தார்.

அந்த வருடங்களின் பில் பிறகுதான் வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை 1,441 டைப் 1 காரர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களுக்கு, வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களைவிட, கண் பாதிப்பு புதிதாக வருவது 76 சதவீதம் குறைந்தது. ஆய்வு முடிந்தபின் இரண்டு கூட்டத்துக்கும் சர்க்கரை ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்துவிட்டது. ஆனாலும் முன்பு கவனமாக இருந்தவர்களுக்கு அந்த லாபம் பல வருடம் நீடித்தது. உடம்பு பழைய கணக்கை மறப்பதில்லை. அதற்காக இன்றைக்கே ஒரேயடியாக இறக்கவும் வேண்டாம். ஏற்கெனவே விழித்திரையில் பாதிப்பு இருந்தால், சடாரென்று இறக்கும்போது அது கொஞ்ச நாள் மோசமாகலாம்.

28 வயதில் புதுச்சேரிக்குப் போய்க் கண்ணைக் காட்டினேன். பார்வையில் ஒரு குறையும் தெரியவில்லை, ஆனால் விழித்திரையில் ரத்தப்புள்ளிகள். சொட்டு மருந்து போட்ட கண்ணோடு தவளக்குப்பத்தில் பஸ்ஸுக்கு நின்றேன். மத்தியான வெயிலில் ரோடே சுண்ணாம்பு அடித்த மாதிரி தெரிந்தது. கடலூர் பஸ் எது என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டேன். "படிச்ச புள்ளதான? போர்டப் பாரு" என்றார். போர்டா அது? சிவப்பு எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும், ஊர்ப் பெயர் வருவதற்குள் பஸ் போய்விடும். பழைய பெயின்ட் போர்டை எந்தப் புண்ணியவான் கழற்றச் சொன்னானோ! சரி, விடுங்கள்.

அதே வாரம் சிறுநீரில் ஆல்புமின் பார்த்தார்கள், கிட்னி கெட ஆரம்பித்தால் கசிகிற புரதம் அது. 30க்குள் இருக்க வேண்டியது 84. பி.பி. 146. அப்பாவுக்கும் பி.பி. உண்டு. குடும்பத்தில் பி.பி.யோ கிட்னிக் கோளாறோ இருந்தால் கூடுதல் ஆபத்து என்றார்கள். சில்வர் பீச்சில் நண்பர்களோடு பழகிய சிகரெட்டையும் அன்றுதான் டாக்டரிடம் ஒப்புக்கொண்டேன். அதை விட்டேன், கிட்னியையும் காக்கும் பி.பி. மாத்திரை ஆரம்பித்தார்கள். இப்போது 30ஐ ஒட்டி நிற்கிறது. எல்லாருக்கும் இப்படி இறங்கும் என்று நான் சொல்லவில்லை.

பையனுக்கு டைப் 1 வந்து ஐந்து வருடம் ஆகும்வரை காத்திருக்க வேண்டுமா, முன்னாலேயே கண்ணும் சிறுநீரும் பார்க்க வேண்டுமா என்று அவன் டாக்டரையே கேளுங்கள், வயதைப் பொறுத்து மாறும். ஆரம்பித்தபின் வருடா வருடம் விடாதீர்கள். இன்னொன்று, அவன் மீட்டரில் 320 என்று காட்டும்போது முகத்தைச் சுளிக்காதீர்கள். சுளித்தால் அடுத்த வாரத்திலிருந்து 120தான் காட்டுவான்.