தக்காளி சாதம் வாசனை வந்தாலே குமட்டுகிறது

கேள்வி: ஏழாம் வகுப்பில் கொடைக்கானல் சுற்றுலா. அம்மா கட்டிக்கொடுத்த தக்காளி சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன், மலை வளைவுகளில் ஒரே வாந்தி. இருபது வருடமாகியும் அந்த வாசனை எனக்கு ஆகவில்லை. பஸ்ஸில் மட்டும் நன்றாகவே போகிறேன். தப்பு சாப்பாட்டில் இல்லை என்று எனக்கே தெரியும். மாமியார் நான் நடிப்பதாகச் சொல்கிறார். என்ன செய்வது? - வாசகி, மதுரை

பதில்: நீங்கள் நடிக்கவில்லை அம்மா. முதலில் அதை நம்புங்கள்.

1955-ல் ஜான் கார்சியா என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் எலிகளுக்கு சாக்கரின் என்ற இனிப்பூட்டி கலந்த தண்ணீர் கொடுத்து, கூடவே உடம்பைக் கெடுக்கும் காமா கதிரும் பட வைத்தார். ஒரே தடவைதான், அப்புறம் அந்த இனிப்பையே அவை ஒதுக்கின. 1966-ல் இன்னொன்றும் தெரிந்தது. குடிக்கும்போது சுவையோடு வெளிச்சமும் சத்தமும் சேர்ந்தே இருந்தாலும், உடம்பு கெட்ட எலி சுவையைத்தான் வெறுத்தது. வயிறு புரட்டினால் மூளை பழி போடுவது கடைசியாகத் தின்றதன் மேல்தான். அதனால்தான் உங்களுக்கு பஸ் தப்பித்தது, சோறு மாட்டிக்கொண்டது. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்கிறவர்களுக்கும் இதேதான் நடக்கிறது, வாந்திக்கு மருந்துதான் காரணம் என்று நன்றாகத் தெரிந்தும் முன்னால் சாப்பிட்டது பிடிக்காமல் போய்விடுகிறது. இதை மாமியாரிடம் ஒரு நாள் நிதானமாக உட்கார்ந்து சொல்லுங்கள். பெரும்பாலும் அவருக்கும் இப்படி ஒரு பண்டம் இருக்கும், கேட்டுப் பாருங்கள். எனக்கு பாலில் தொட்ட ரொட்டி. காய்ச்சலில் படுத்த நாளெல்லாம் அதைத்தான் கொடுத்தார்கள், இன்றைக்கும் அதைப் பார்த்தால் உடம்பு சுடுகிற மாதிரி இருக்கும்.

சரி, மாற்ற வேண்டுமா? கட்டாயம் இல்லை. வேண்டும் என்றால், நல்ல பசியில், உடம்பு நன்றாக இருக்கிற நாளில், நீங்களே சமைத்து, முதலில் ஒரு வாய் மட்டும். பட்டை கிராம்பைத் தவிர்த்தால் அந்தப் பழைய வாசனை கொஞ்சம் விலகும். யாரும் ஊட்டவோ திணிக்கவோ வேண்டாம், அப்போது குமட்டினால் வெறுப்பு இன்னும் இறுகும். பல தடவை ஒன்றும் ஆகாமல் சாப்பிட்டால் பழைய நினைவு அழியாது, ஆனால் பக்கத்தில் புதிதாக ஒன்று உட்காரும். கொஞ்ச காலம் விட்டுவிட்டால் பழையது திரும்பவும் எட்டிப் பார்க்கலாம், பயப்படாதீர்கள், மறுபடி ஒரு வாயிலிருந்து தொடங்குங்கள்.

வீட்டில் குழந்தை இருந்தால், மலை ஏறும் முன் அதற்கு ரொம்பப் பிடித்த பலகாரத்தைக் கொடுக்காதீர்கள். இறங்கி வந்த பிறகு கொடுங்கள்.