அந்த நகம் எத்தனை மாதத்து நகம், தம்பி?

கேள்வி: எனக்கு 55 வயது, சத்துவாச்சாரியில் வீடு. 78 வயது அம்மாவுக்குப் போன செப்டம்பரில் வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. சி.எம்.சி.யில் பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மனைவி ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் வேலை. என் ஒரே தங்கை கன்னியாஸ்திரி. போளூர் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளியில் டீச்சர், போர்டிங்கும் அவள் பொறுப்பு. சாகும்வரை மடத்து வாழ்க்கைதான் என்று நித்திய வார்த்தைப்பாடு கொடுத்தபோது பந்தல் போட்டு ஊருக்கே பிரியாணி போட்டோம். சம்பளத்தில் ஒரு ரூபாய் வீட்டுக்கு வருவதில்லை. மே மாதம் பத்து நாள் லீவில் வந்தாள். வந்த அன்றே அம்மாவின் வலது கை விரல்களைப் பிரித்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து நகம் வெட்டினாள். அம்மா குழந்தை மாதிரி சிரித்தார்கள். இவ்வளவு பக்குவம் தெரிந்தவள் கூடவே இருந்தால் என்ன? அவளுக்கென்ன குடும்பமா குட்டியா? பெற்றவளைப் பார்க்காமல் ஊருக்குச் சேவை செய்து என்ன புண்ணியம்? மடத்துத் தலைவி மதரிடம் பேசி அழைத்துவர வழி உண்டா?
- பெயர் வேண்டாம், வேலூர்

பதில்: தம்பி, உங்கள் கடிதம் எனக்குப் புதிதில்லை. மடத்துக்கு மகளைக் கொடுத்த வீடுகளிலிருந்து அடிக்கடி வருவதுதான். பெற்றவர்கள் நடமாடும்வரை ‘எங்க வீட்டு சிஸ்டர்’. அவர்கள் படுத்துவிட்டால் ‘அவளுக்கென்ன குடும்பமா குட்டியா’. அதனால் ஆறுதல் சொல்லிக் காகிதத்தை வீணாக்கப் போவதில்லை. நகத்துக்கு வருகிறேன்.

ஒரு மணி நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள். நகம் வெட்ட ஐந்து நிமிஷம் போதுமே, ஏன் அவ்வளவு நேரம் ஆனது? மாமியாரை நாலு வருஷம் படுக்கையில் வைத்துப் பார்த்தவள் நான், சொல்கிறேன். வாதம் விழுந்த கை நாள் போகப் போக இறுகி மூடிக்கொள்ளும். யாரும் பிரித்துவிடாவிட்டால் நகம் வளர்ந்து உள்ளங்கைச் சதையில் குத்தும். வேர்வை போக வழியில்லாமல் தோல் ஊறி வெளுத்து, புளித்த வாடை அடிக்கும். வேலூர் வெயிலில் கேட்கவே வேண்டாம். விரல் நகம் மாதத்துக்கு 3 மில்லிமீட்டர் போல வளரும். செப்டம்பரிலிருந்து மே வரை கணக்குப் போடுங்கள். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் வெட்டியிருந்தால் அதையும் கழித்துக்கொள்ளுங்கள். உங்கள் தங்கை வெட்டியது எத்தனை மாதத்து நகம்?

அம்மா எதற்குச் சிரித்தார்கள் என்று இப்போதாவது தெரிகிறதா? அத்தனை மாதமாகக் குத்திக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் நின்றது.

கடிதத்தை மூன்று தரம் படித்தேன். சி.எம்.சி. வருகிறது, ஷூ கம்பெனி வருகிறது, பிரியாணிகூட வருகிறது. உங்கள் கை ஓரிடத்திலும் வரவில்லை. அம்மா சிரித்ததைப் பார்த்திருக்கிறீர்கள் என்றால் அந்த அறையில்தான் நின்றிருக்கிறீர்கள். வெந்நீர்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டா, கையைக் கட்டிக்கொண்டா? இன்னொன்று. உங்கள் கடிதம் ஆகஸ்டில் எழுதியது. மே போய் மறுபடி மூன்று மாதம் ஆகிவிட்டது.

‘ஆம்பிளை எப்படி...’ என்று இழுப்பீர்கள். பெரிய வியாழன் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேர் காலைக் கழுவித் துடைப்பதை வருஷா வருஷம் பக்தியோடு பார்க்கிறீர்களே, அப்போது கூச்சமாக இல்லையா? என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன், பழம்பஞ்சாங்கம் என்றாலும் சரி. பெற்றவள் உடம்புக்கு முதல் கடன்காரன் கூட இருக்கிற பிள்ளைதான். மருமகள் கை கொடுத்தால் அவள் நல்ல மனசு. வெளியூர் மகள் வந்து செய்தால் அவள் பாசம். அந்த இரண்டையும் காட்டி உங்கள் கடனைக் கழித்துக்கொள்ள முடியாது. விடிந்ததும் கம்பெனிக்கு ஓடுகிற பெண்ணிடமும் ‘நீ பார்க்கக் கூடாதா’ என்று கேட்டிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். இல்லையென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

குடும்பமா குட்டியா என்ற கேள்வியை அந்தப் போர்டிங் பிள்ளைகளிடம் போய்க் கேளுங்கள். நடு ராத்திரியில் காய்ச்சல் அடித்தால் நெற்றியில் ஈரத்துணி போடுவது யார்? வயசுக்கு வந்ததும் பயந்து அழுகிற பிள்ளையை மடியில் சாய்த்துக்கொள்வது யார்? காட்பாடியில் 1954-ல் ஆக்ஸிலியம் கல்லூரியைத் தொடங்கிய சலேசிய சபைக் கன்னியாஸ்திரிகளுக்கும் எங்கோ ஓர் அம்மா இருந்தாள். நம் வடாற்காட்டில் எத்தனை வீட்டுப் பெண்கள் அங்கே படித்து வேலைக்குப் போனார்கள்! அப்போது யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

சம்பளக் குறையைச் சுருக்கமாக முடிக்கிறேன். ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவள் சம்பாதிப்பது சபையைச் சேர்ந்தது, பென்ஷனும் அப்படியே. ‘பணம் எங்கள் கையில் தங்குவதே இல்லை’ என்று சொல்லித்தான், உதவி பெறும் பள்ளிகளில் வேலை பார்க்கும் கன்னியாஸ்திரிகள், சாமியார்கள் தரப்பில் சம்பளத்தில் வரி பிடிப்பதை எதிர்த்து வழக்காடினார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வரி பிடிக்கத்தான் வேண்டும் என்றுவிட்டது. ஆக அவள் சம்பளத்தில் சர்க்காருக்குப் பங்கு உண்டு, உங்களுக்கு இல்லை. நவசந்நியாசம் என்கிற ஆரம்பப் பயிற்சி ஒரு வருஷமாவது, பிறகு தற்காலிக வார்த்தைப்பாடு மூன்று வருஷமாவது கழித்துத்தான் நித்திய வார்த்தைப்பாட்டுக்கு வந்திருப்பாள். அத்தனை வருஷமும் தெரிந்துதானே பந்தல் போட்டீர்கள்?

அழைத்துவர வழி உண்டா என்றால், உண்டு. 1983 திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 665-ஆம் பிரிவில், தகுந்த காரணம் இருந்தால் சபையின் மேல் தலைவி தன் ஆலோசனைக் குழுவின் சம்மதத்தோடு ஓராண்டுக்கு மிகாமல் வெளியே தங்க விடலாம் என்று இருக்கிறது. அதை அவள்தான் கேட்க வேண்டும். நீங்கள் போய் மதரிடம் மீட்டுவர அவள் அடகுக் கடையில் வைத்த சங்கிலி இல்லை. நாளைக்கு அம்மாவுக்கு முடியாமல் போனால் அவளே கேட்பாள். உங்கள் சௌகரியத்துக்காக அந்த ஒரு வருஷத்தை இப்போதே செலவழித்துவிட்டு அன்றைக்கு என்ன செய்வீர்கள்?

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி கொடுப்பார்கள். பக்கத்து அரசு சுகாதார நிலையத்தில் கேளுங்கள். பகலுக்கு ஒரு ஆயாம்மா வைக்க முடிந்தால் வையுங்கள்.

நகத்தை மட்டும் ஆயாம்மாவிடம் விடாதீர்கள். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் நீங்கள் உட்காருங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கையைக் கொஞ்ச நேரம் ஊற விடுங்கள். சூட்டை முதலில் உங்கள் கையில் பாருங்கள். அம்மாவின் அந்தக் கைக்கு உறைக்காமல் இருக்கலாம். விரலைப் பிடித்து இழுக்காதீர்கள், வலியில் உயிர் போகும். மணிக்கட்டை மெல்ல உள்பக்கம் மடக்கினால் விரல்கள் தானே தளரும். பிளேடு வேண்டாம், நகவெட்டி போதும். துடைத்து ஈரம் காய்ந்ததும் பழைய வேட்டித் துணியைச் சுருட்டி உள்ளங்கையில் வையுங்கள். சுண்டு விரலைப் பார்க்காமல் எழுந்துவிடாதீர்கள். அதுதான் உள்ளே மடங்கி ஒளிந்துகொண்டிருக்கும்.