ரூகர் நம்பர் 1 ரைபிள்: குழல் சூடானால் குண்டு மேலே ஏறுகிறதா?

தோட்டாவை மாற்றிப் பயனில்லை, முன்கட்டையை, அதாவது குழலுக்கு அடியில் கை பிடிக்கும் மரக்கட்டையைப் பாருங்கள். முதல் குண்டு குறியில் பட்டு, குழல் சூடாகச் சூடாக அடுத்தவை நேர்மேலே ஏறுகின்றன என்கிறீர்கள். அது பெரும்பாலும் கட்டையின் அழுத்தம்தான். 1967-இல் வந்த இந்த ஒற்றைத்தோட்டா ரைபிளில் முன்கட்டை குழலில் மாட்டப்படவில்லை, பின்னாலிருந்து நீளும் ஓர் இரும்புத் தாங்கியில் திருகப்பட்டிருக்கிறது. கட்டை குழலைத் தொட்டால் சூட்டில் அழுத்தம் மாறும்.

தோட்டா இல்லை என்று உறுதிசெய்துவிட்டுக் கட்டையைக் கழற்றுங்கள். தாங்கியின் நுனிக்கும் குழலுக்கும் இடையே சின்ன ரப்பர் துண்டு வைத்து மாட்டி, அதே தோட்டாவில் சுடுங்கள். மணல்மூட்டையைக் கட்டையின் நுனியில் வைக்காமல் பின்தள்ளி வையுங்கள். குண்டுகள் நெருங்கி விழுந்தால் காரணம் அதுதான்.

தாங்கியை நீங்களே அராவவோ துளைக்கவோ வேண்டாம், தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியலை இயக்கும் ஸ்பிரிங் அதில்தான் இருக்கிறது. அது துப்பாக்கிக் கொல்லர் வேலை. அப்புறம், மெல்லிய குழல் என்றால் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். வேட்டைக்கு முதல் குண்டு போதுமே!