கை நடுங்கினால் என்ன?

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் விடுதியில் பலருக்கு உதவித்தொகை இன்னும் வரவில்லை. ஒருநாள் வார்டனிடம் நான் போய்க் கேட்டதிலிருந்து, எதற்கெடுத்தாலும் என்னையே முன்னால் தள்ளுகிறார்கள். எனக்கோ எழுந்து பேசினாலே கை நடுங்குகிறது. "படிக்கப் போனியா, போராடப் போனியா?" என்கிறார் அப்பா. நான் இதற்கெல்லாம் லாயக்கா?
- வாசகி, விழுப்புரம்

பதில்: என் மகள் வயது உனக்கு, அதனால் ஒருமையிலேயே எழுதுகிறேன். அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் 1960-இல் டயான் நாஷ் என்றொரு மாணவி இருந்தார். வயது 21. அந்த ஊர்க் கடைகளில் கறுப்பின மக்கள் காசு கொடுத்துத் துணி வாங்கலாம். அதே கடையின் சாப்பாட்டு கவுன்டரில் மட்டும் உட்காரக் கூடாது. சிகாகோவில் வளர்ந்த பெண்ணுக்கு இது பொறுக்கவில்லை. கேள்வி கேட்டவரையே மாணவர்கள் தலைவியாக்கிவிட்டார்கள். உன் கதைதான். வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே பயத்தில் உள்ளங்கை வியர்த்துவிடும் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

பயம் போனபிறகு அவர் கிளம்பவில்லை. பயத்தோடு ஒத்திகை பார்த்தார். ஜேம்ஸ் லாசன் என்பவர் (நம் நாக்பூரில் சில வருடம் இருந்து, காந்தியின் வழியைப் படித்துவிட்டுப் போனவர்) ஒரு தேவாலயத்தில் பயிற்சி நடத்தினார். ஒருவர் கவுன்டரில் இருப்பதுபோல் நாற்காலியில் உட்காருவார். மற்றவர்கள் அவரைத் திட்டுவார்கள், கீழே தள்ளுவார்கள், முகத்தில் சிகரெட் புகையை ஊதுவார்கள். அவர் திருப்பி அடிக்கக் கூடாது. மாதக்கணக்கில் இப்படிப் பழகிய பிறகுதான் பிப்ரவரி 13 அன்று கடைக்குள் போய் உட்கார்ந்தார்கள்.

ஏப்ரல் 19 அன்று, அவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞரின் வீட்டில் குண்டு வெடித்தது. ஆயிரக்கணக்கானோர் வாய் திறக்காமல் நகர மன்றம் வரை நடந்தார்கள். அங்கே படிக்கட்டில் நாஷ் மேயரிடம் கேட்டது இதுதான்: நிறத்தைப் பார்த்து மனிதரை ஒதுக்குவது தவறா, இல்லையா? தவறுதான் என்றார் மேயர். மே 10-இல் கவுன்டர்கள் திறந்தன.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். வார்டனிடம் மறுபடி மறுபடி போகாதே. பணம் அவர் கையில் இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கு. அறை அறையாகப் போய், யார் எந்தத் தேதியில் விண்ணப்பித்தார்கள், வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று எழுது. பாதிச் சிக்கல் அந்த ஆதாரிலேயே இருக்கக்கூடும். அதற்குப் போராட்டம் தேவையில்லை, வங்கிக்கு ஒரு நடை போதும். மீதிப் பேருக்காகத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடு. பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். எங்கள் விண்ணப்பங்கள் எந்தத் தேதியில் எந்த அலுவலகத்துக்குப் போயின என்று கேள். 30 நாளில் பதில் தர வேண்டும். எதற்குக் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்க முடியாது.

அப்புறம், அடுத்த முறை அலுவலகத்துக்குப் போகும்போது இன்னும் இரண்டு பேரைக் கூட்டிப் போ. நீ நோட்டைப் பிடித்துக்கொள், அவர்களில் ஒருத்தி பேசட்டும். முந்தின நாள் இரவு விடுதி அறையில் ஒருத்தி அதிகாரியாக உட்கார்ந்து எரிந்து விழட்டும். சிரிப்பு வரும், பரவாயில்லை.

அப்பாவுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. உன் மதிப்பெண் பட்டியலையும் அந்த நோட்டையும் சேர்த்து அவர் முன்னால் வை.