சென்னையிலிருந்து ஒரு நாளில் போய்வர: பழவேற்காடு

கேள்வி: மாமல்லபுரம், புதுச்சேரி இரண்டும் பார்த்தாயிற்று. சென்னையிலிருந்து கார் இல்லாமல் ஒரே நாளில் போய்வர வேறு கடலோர ஊர் உண்டா?

பழவேற்காடு போங்கள். கடல் என்றாலே நம் ஆட்கள் ஈசிஆரில் தெற்கே கிளம்பிவிடுகிறார்கள். வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் இப்படி ஓர் ஊர் இருப்பது பலருக்கு நினைவுக்கே வருவதில்லை. எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம்.

சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ஏறிப் பொன்னேரியில் இறங்குங்கள். அங்கிருந்து பஸ் உண்டு. காலை ஆறு, ஆறரைக்கே கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் ஊரைப் பார்த்துவிடலாம்.

முதலில் டச்சுக் கல்லறைக்குப் போங்கள். வாயிலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். உள்ளே 1600களில் இறந்தவர்களின் கல்லறைகள்; குடும்பச் சின்னங்களும் டச்சு எழுத்துகளும் இன்றும் அழியாமல் புடைத்து நிற்கின்றன. பத்து நிமிடத்தில் போட்டோ எடுத்துவிட்டு வெளியே வந்துவிடாதீர்கள். மெட்ராஸில் ஆங்கிலேயர் கால் வைப்பதற்கு முன்பே, 1613இல், டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிவிட்டார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடம் இதுதான். நம் நெசவாளர்களின் துணி இங்கிருந்துதான் கப்பலேறி, கீழை நாடுகளில் கிராம்புக்கும் ஜாதிக்காய்க்கும் மாற்றானது. துணி மட்டுமல்ல, பஞ்சத்தில் விலைபோன மனிதர்களையும் அடிமைகளாக பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) ஏற்றினார்கள். அவர்கள் யாருக்கும் இங்கே கல் இல்லை. அழகான அந்தக் கற்களுக்கு முன்னால் இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

கோட்டை இப்போது இல்லை. புதர் மண்டிய மேடும் அகழியும்தான் மிச்சம். சின்னப் பள்ளிவாசலில் நிழல் கடிகாரம் ஒன்று இருக்கிறது, கேட்டுக்கொண்டு போய்ப் பாருங்கள்.

அப்புறம் ஏரி. உவர்நீர் ஏரிகளில் இந்தியாவில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்துப் பெரியது இதுதான். பெரும்பகுதி ஆந்திராவில் கிடக்கிறது, தென்முனை நம்முடையது. பூநாரைகளைப் பார்க்க ஆசை என்றால் டிசம்பர், ஜனவரியில் போங்கள், பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கரையில் மீனவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் 'பாடு' பற்றிச் சொல்வார்கள். எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்று தங்களுக்குள்ளேயே முறைவைத்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு அது. எனக்கு இந்த ஊரில் கோட்டையைவிட அதுதான் பெரிய விஷயம்.

மதியம் இறால், நண்டு கிடைக்கும் சின்ன ஓட்டலில் சாப்பிடுங்கள். மாமல்லபுரம் மாதிரி வரிசையாக ரெஸ்டாரன்ட் எதிர்பார்க்க வேண்டாம். தண்ணீர், தொப்பி கையோடு இருக்கட்டும். கலங்கரை விளக்கப் பக்கம் கடற்கரை நன்றாக இருக்கும், நிழல் குறைவு.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். "ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம், வாங்க" என்று யார் கூப்பிட்டாலும் படகில் ஏறாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து, சுற்றிப்பார்க்க வந்த 22 பேர் இறந்தார்கள். முகத்துவாரத்தில் நீரோட்டம் பலமாக இருக்கும், அங்கே குளிக்கவும் இறங்க வேண்டாம். இருட்டுவதற்கு முன்பே பொன்னேரிக்கு பஸ் ஏறிவிடுங்கள்.