லெதருக்கு மேல் மழை உடை: முதலில் அளவைப் பாருங்கள்

நண்பரே, ஜாக்கெட்டும் பேன்ட்டுமாக வாங்கிய மழை உடை, பைக் ஓட்டும்போது போடும் லெதர் உடைக்கு மேல் இறுக்குகிறது, கொஞ்ச நேர மழையிலேயே தொடையிடுக்கு நனைந்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் அளவுதான்.

ஓட்டும்போது நீர் மார்பில் வழிந்து மடியில் தேங்கும். அங்கே தையல் இழுபட்டால், தையல் வழியே நீர் புகாதிருக்க உட்புறம் ஒட்டிய டேப் உரிந்துவிடும். அப்புறம் துணி எவ்வளவு உசத்தியானாலும் பயனில்லை. லெதரைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். வழக்கமான அளவைவிட ஒன்றிரண்டு பெரிதாகத்தான் வேண்டியிருக்கும். நின்று பார்த்தால் போதாது. வண்டியில் உட்கார்ந்து ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள். மணிக்கட்டோ கணுக்காலோ வெளியே தெரிந்தால் அது வேண்டாம்.

உங்கள் பிரச்சினைக்கு ஒரே துண்டாக வரும் உடையைத்தான் சொல்வேன். இடுப்பில் இடைவெளி கிடையாது. கழுத்திலிருந்து தொடைவரை சாய்வாக ஓடும் ஜிப், அதன்மேல் மடிப்பு, தொடையிடுக்கில் நான்கு தையல்கள் ஒரே புள்ளியில் சந்திக்காத வெட்டு, இந்த மூன்றையும் பாருங்கள். உள்ளே வழுக்கும் லைனிங் அவசியம். வெறும் ரப்பர் பூச்சு லெதரில் ஒட்டிக்கொண்டு ஏறாது. பூட்ஸோடு மாட்ட கால் ஜிப் முழங்கால்வரை திறக்க வேண்டும். சைலன்சர் பக்கக் காலில் வெப்பம் தாங்கும் துண்டு இல்லையென்றால் நைலான் உருகிவிடும்.

கைகள் தோளுக்குக் கீழே இருந்தால் கையுறையின் வாய் மழை உடைக்கு உள்ளே போகட்டும்.

லெதர் நனைந்த பிறகு போட்டால் ஈரம் உள்ளேயே அடைபடும். தூறல் தொடங்கும் முன்பே மாட்டிவிடுங்கள்.