மகளின் வகுப்பில் வந்த நாவலும் எங்கள் வன்னியும்

வேறு புத்தகம் கேட்க வேண்டாம் தங்கச்சி. பிள்ளை இதையே படிக்கட்டும்.

வன்னி விசுவமடுவிலிருந்து கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, ஒன்பதாம் வகுப்பில் மகளுக்கு 'டு கில் எ மொக்கிங்பேர்ட்' கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பாலியல் வன்முறை வழக்கு வருகிறது, கறுப்பினத்தவரைக் கேவலப்படுத்தும் சொல் திரும்பத் திரும்ப வருகிறது, "யுத்தத்தில் நாங்கள் பட்டது போதாதா, பிள்ளையாவது இதெல்லாம் தெரியாமல் வளரட்டும்" என்று கவலைப்பட்டிருந்தீர்கள். மகளின் நெருங்கிய சிநேகிதி கறுப்பினப் பிள்ளை, அதனால் சொந்தக்காரர் முகம் சுளிக்கிறார்கள் என்பதைக் கடைசியில் ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் பெரிதாகப் பட்டது.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஹார்ப்பர் லீ எழுதி 1960இல் வெளிவந்தது, அடுத்த வருடம் புலிட்சர் பரிசு பெற்றது. 1930களில் அமெரிக்காவின் தெற்கே, அலபாமாவில், மேகொம்ப் என்ற கற்பனை ஊர். சொல்பவள் ஸ்கவுட் என்ற சிறுமி. கதை தொடங்கும்போது அவளுக்கு ஆறு வயதுகூட நிரம்பவில்லை. தாய் இல்லை, அண்ணன் ஜெம், தகப்பன் அற்றிக்கஸ் சட்டத்தரணி. ரொம் ரொபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளி மயெல்லா என்ற வெள்ளைக்காரப் பெண்ணைக் கெடுத்துவிட்டதாகப் பொய் வழக்கு. அவனுக்காக அற்றிக்கஸ் வாதாடுகிறார். மயெல்லாவின் முகத்தில் வலப்பக்கம்தான் காயம், அதாவது அடித்தவன் இடக்கையனாக இருக்க வேண்டும். ரொமின் இடக்கையோ சிறுவயதில் பருத்தி இயந்திரத்தில் அகப்பட்டு விளங்காமல் போனது. மயெல்லாவின் தகப்பன் இடக்கையால் எழுதுவதை நீதிமன்றமே பார்க்கிறது. அப்படியிருந்தும் வெள்ளைக்கார ஜூரிகள் ரொமைக் குற்றவாளி என்கிறார்கள். நீங்கள் பயப்படுகிற விடயம் சாட்சிகளின் வாயால் விசாரணையாகத்தான் வருகிறது. பதினாலு வயதுப் பிள்ளைக்குத் தாங்கும்.

விசாரணையில் ஒரு இடம் இருக்கிறது. சம்பளமில்லாமல் ஏன் அந்தப் பெண்ணுக்கு வேலை செய்து கொடுத்தாய் என்று ரொமைக் கேட்கிறார்கள். அவள்மீது இரக்கப்பட்டேன் என்கிறான். சபை விறைத்துப் போகிறது. கறுப்பன் ஒருவன் வெள்ளைக்காரியைப் பார்த்து இரக்கப்படலாமா? எனக்கு வழக்கின் மற்ற எல்லாப் பொய்களையும் விட இந்த இடம்தான் வாசிக்கக் கஷ்டம்.

அடுத்து, பிள்ளை ஒன்றும் தெரியாமல் வளரட்டும் என்றீர்களே, அதற்கு. ரொமை அடைத்து வைத்திருக்கிற சிறைக்கு ஓர் இரவு கும்பல் ஒன்று அவனைக் கொல்ல வருகிறது. வாசலில் அற்றிக்கஸ் தனியாக உட்கார்ந்திருக்கிறார். இடையில் ஓடிவந்து நுழைகிற ஸ்கவுட், கும்பலில் தெரிந்த ஒரு முகத்தைக் காண்கிறாள். கனிங்ஹாம். அவர் மகன் அவளோடு படிக்கிறவன், ஒருநாள் அவள் வீட்டில் சாப்பிட்டவன். அவனைச் சுகம் கேட்டதாகச் சொல்லுங்கள் என்கிறாள். அந்த மனிதர் குந்தி இருந்து அவள் தோளைப் பிடித்து, சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கும்பலைத் திரும்ப அழைத்துக்கொண்டு போகிறார். வெகுளிப் பிள்ளையால் நடந்தது என்று எல்லாரும் சொல்வார்கள். அவளுக்கு அந்தப் பையனின் பெயர் தெரியும், ஒன்றாகச் சாப்பிட்டிருக்கிறாள், அதனால்தான் நடந்தது. உங்கள் சொந்தக்காரர் மகளைத் தடுக்கப் பார்ப்பது இந்தப் பழக்கத்தைத்தான்.

இனி 26ஆம் அத்தியாயம். பெரும்பாலானவர்கள் இதைக் கவனிக்காமல் தாண்டிவிடுவார்கள். வகுப்பில் ஆசிரியை ஒருவர் ஹிட்லர் யூதர்களைப் படுத்துகிற பாட்டைச் சொல்லி மனம் கொதிக்கிறார், எங்கள் நாட்டில் அப்படி இல்லை என்கிறார். ஆனால் ரொமின் வழக்கு முடிந்த அன்று நீதிமன்றப் படியில் இதே ஆசிரியை, இந்தக் கறுப்பருக்கு யாராவது பாடம் படிப்பிக்க வேண்டிய நேரம்தான் என்று பேசியது ஸ்கவுட்டின் காதில் விழுந்திருக்கிறது. தூரத்தில் நடக்கிற அநியாயத்துக்கு இப்படித் துடிக்கிறவர் சொந்த ஊரில் இப்படி இருக்கலாமா என்று வீட்டில் வந்து அண்ணனைக் கேட்கிறாள். ஜெம்மிடம் பதில் இல்லை, எரிந்துதான் விழுகிறான்.

அதை வாசித்தபோது எனக்கு வன்னியில் முரசுமோட்டை ஞாபகம் வந்தது. வயல் வேலைக்குத் தர்மபுரத்திலிருந்து மலையகப் பெண்கள் வருவார்கள். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். 1977லும் 1983லும் அடிவாங்கி, தமிழர் ஊர் என்று நம்பி வன்னிக்கு வந்தவர்கள். பத்து மணிக்குத் தேத்தண்ணி போகும். வீட்டாருக்குக் கோப்பை. அவர்களுக்கு, கிணற்றடிக் கதியாலில் கவிழ்த்து வைத்த பால்மாப் பேணி, விளிம்பெல்லாம் கறள். குடித்ததும் தாங்களே கழுவி, அதே கதியாலில் கவிழ்த்துவிட்டு வயலுக்குள் இறங்குவார்கள். ஒருவரும் இதை வாய்திறந்து சொல்லிக் கொடுக்கவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது. 83இல் கொழும்பில் எங்கள் மாமாவின் கடை எரிந்த கதையைச் சொல்லி அழாமல் அம்மம்மாவுக்கு ஒரு ஆடிமாதமும் போகாது. அதே கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வந்தவர்களுக்குத்தான் அந்தப் பேணி.

நீங்கள் விசுவமடு, தர்மபுரம் பக்கத்து ஊர்தானே. இது உங்களுக்குப் புதினமாக இருக்காது.

2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் அகதி முகாமில், முள்ளுக்கம்பிக்குள், தறப்பாளின் கீழ் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். மகள் அதற்குப் பிறகு பிறந்தவள். நீங்கள் சொன்னால்தான் அவளுக்குத் தெரியும். சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். ஆனால் பால்மாப் பேணியையும் சேர்த்துச் சொல்லுங்கள். வன்னியில் நாங்கள் பட்டதை மட்டும் கேட்டு வளர்கிற பிள்ளை, இந்த நாவலில் ரொம் ரொபின்சனின் பக்கத்தில் போய்த் தானாக உட்கார்ந்துகொள்வாள். ஜூரிகளின் வாங்கிலும் எங்கள் ஆட்கள் இருந்திருப்பார்கள் என்பது அவளுக்கு விளங்க வேண்டும். விளங்கினால், மாமி வீட்டில் கறுப்பினத்தவரைப் பற்றிப் பேசுகிற பேச்சு எங்கேயிருந்து வருகிறது என்பதும் விளங்கும். அந்தப் பேச்சு வரும்போது நீங்கள் சும்மா இருக்கவும் கூடாது. பெரியவர்கள்தான், மரியாதையாகவே சொல்லலாம்: என் பிள்ளைக்கு முன்னால் இப்படிக் கதைக்காதீர்கள் என்று.

நாவலிலும் குறை உண்டு. இது வெள்ளைக்காரப் பிள்ளையின் கண்ணால் சொன்ன கதை. ரொமின் மனதுக்குள் நாங்கள் ஒருநாளும் போவதில்லை. வீட்டில் வேலை செய்து அந்தப் பிள்ளைகளை வளர்க்கிற கல்பூர்னியாவின் சொந்த வாழ்க்கை, அவள் தன் தேவாலயத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிற 12ஆம் அத்தியாயத்தில்தான் கொஞ்சம் தெரிகிறது. நல்ல வெள்ளைக்காரர் ஒருவர் வந்து காப்பாற்றப் பார்க்கிற கதையாக இருக்கிறதே என்று கறுப்பின வாசகர்கள் பலர் சொல்வது நியாயம். கறுப்பின எழுத்தாளரின் நாவல் ஒன்றையும் மகள் பிறகு படிக்க வேண்டும், நூலகத்தில் கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

மகளிடம் இப்போதே சொல்லிவைக்க வேண்டியது இரண்டு. அந்தக் கேவலச் சொல் புத்தகத்தில் இருந்தாலும் வாய்விட்டு வாசிக்கக் கூடாது, பகிடிக்கும் கூடாது. சிநேகிதியிடம் போய் உனக்கு இதை வாசிக்க எப்படி இருக்கிறது என்று துருவிக் கேட்கவும் வேண்டாம். அந்தப் பிள்ளை தானாகக் கதைத்தால் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

உங்களுக்கு ஆங்கிலம் கஷ்டம் என்றால், கிரெகரி பெக் நடித்து 1962இல் வந்த படத்தை மகளோடு இருந்து பாருங்கள். கறுப்பு வெள்ளைப் படம், நிதானமாகப் போகும், அவள் இடையிடையே சொல்லித் தருவாள். பெற்றோர் சந்திப்புக்குப் போகுமுன் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பாடசாலைக்குச் சொல்லிவிட்டுப் போங்கள், அந்தச் சொல்லை வகுப்பில் எப்படிக் கையாளப் போகிறீர்கள் என்று ஆசிரியரிடம் நேரே கேளுங்கள். கட்டுரை எழுதச் சொல்வார்கள். எல்லாப் பிள்ளைகளும் நீதிமன்றத்தைப் பற்றித்தான் எழுதும். உங்கள் மகளை அந்த 26ஆம் அத்தியாயத்து ஆசிரியையைப் பற்றி எழுதச் சொல்லுங்கள், தர்மபுரத்தையும் சேர்த்து.